கால்நடை மருத்துவ இன்டர்வியூ பயிற்சி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது

என் மகள் போன வருடம் கால்நடை மருத்துவம் படிக்க இங்கிலாந்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், சென்டூரியனில். இன்டர்வியூவுக்குத் தயாராவதற்காக, இங்கிலாந்தில் இருந்து ஆன்லைனில் நடத்தும் ஒரு பயிற்சியைக் காசு கொடுத்து வாங்கினோம். அது தெரிந்ததில் இருந்து கோவிலில் பார்க்கிறவர்கள், தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை விட வருகிறவர்கள், டர்பனில் இருக்கும் சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் வரைக்கும் "எப்படி இருந்தது, வாங்கலாமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் போட்டு அலுத்துவிட்டது, அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன், அப்புறம் இந்த மாதிரி சேவைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுதான், எதை வாங்கினாலும் இதே கதைதான் இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் இருக்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து எடுக்கிற மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ, கொடுத்த காசுக்கு மேலேயே பெறும். வீடியோ, கேள்வி வங்கி, மாதிரி பதில் எல்லாம் தண்டம். முழு பேக்கேஜ் கிட்டத்தட்ட 7,000 ராண்ட் ஆனது. மாக் மட்டும் தனியாக எடுத்தால் ஒன்றுக்கு 1,200 ராண்ட் மாதிரி வரும். தனியாகவே எடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பிள்ளை ஒண்டர்ஸ்டபூர்ட்டுக்கு மட்டும்தான் விண்ணப்பிக்கப் போகிறது என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவம் படிக்க இருப்பது அந்த ஒரே இடம்தான், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1908-ல் ஆர்னல்ட் தைலர் அங்கே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார், 1920-ல் கல்லூரி வந்தது, மெடுன்சா என்ற மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தனியாக இருந்த கால்நடை மருத்துவப் பிரிவையும் 1999-ல் இதோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு நாட்டுக்கே ஒரு கல்லூரி, ஆறு வருடப் படிப்பு, முடித்தவர்களுக்கு 2016-ல் இருந்து ஒரு வருடம் கட்டாய சமூக சேவை வேறு. இடத்துக்கு எவ்வளவு போட்டி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கணக்கிலும் ஃபிஸிகல் சயன்ஸிலும் மார்க் இல்லாமல் அங்கே எதுவும் நகராது, அதனால் அந்த 7,000 ராண்டை டியூஷன் வாத்தியாரிடம் கொடுப்பதுதான் புத்தி. தேர்வு விதிகளை அந்தந்த வருடம் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பாருங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பிடிஎஃப்களை நம்பாதீர்கள். என் மகளும் அங்கே போட்டிருந்தாள். இங்கிலாந்து உசத்தி, இது மட்டம் என்றெல்லாம் எங்களுக்கு எண்ணம் கிடையாது, ஒண்டர்ஸ்டபூர்ட் பட்டத்தை இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் ராயல் காலேஜ் ஆஃப் வெட்டினரி சர்ஜன்ஸே ஏற்றுக்கொள்கிறது. ஒரே ஒரு கதவை மட்டும் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்க முடியாதே என்றுதான் இரண்டு பக்கமும் போட்டோம்.

சரி, இங்கிலாந்து விஷயம். மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் கொடுப்பார்கள், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் மூன்றுக்கும் யூகாஸில் (அங்கே எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாக விண்ணப்பம் போடும் இடம்) அக்டோபர் 15-தான் கடைசி. கால்நடை மருத்துவத்துக்கு அதிகபட்சம் நான்கு கல்லூரி போடலாம், ஐந்தாவது இடத்தில் வேறு படிப்பு போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க இன்டர்வியூ அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். இங்கே நமக்கு அது கோடை லீவு, எல்லாரும் கடற்கரையில் இருக்கும்போது நம் பிள்ளை கோட்டு மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால்.

நாமக்கல்லில் இருக்கும் என் அப்பாவுக்கு இது புரியவே இல்லை. அங்கே பிளஸ் டூ மார்க்கை வைத்து ரேங்க் லிஸ்ட் போடுவார்கள், கவுன்சிலிங்குக்குப் போய் இடத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். "மார்க்கு இருந்தாப் பத்தாதா கண்ணு, ஆளைக் கூப்பிட்டு உக்கார வச்சு என்ன கேக்கப் போறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

கேட்கும் முறைக்கு எம்எம்ஐ என்று பெயர், பல குட்டிக் குட்டி இன்டர்வியூக்கள். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்புக்காக உருவாக்கினார்கள், அதைப் பற்றிய அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 2004-ல் வந்தது, பிறகு கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் எடுத்துக்கொண்டன. ஒரு குழுவின் முன்னால் அரைமணி நேரம் உட்காருவதற்குப் பதிலாக, ஐந்து ஆறு நிமிடத்துக்கு ஒரு ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் வேறு ஆள், வேறு வேலை. ஒன்றில் கணக்கு கொடுப்பார்கள், ஒன்றில் படத்தைக் காட்டிப் பேசச் சொல்வார்கள், இன்னொன்றில் ஒருவர் நாய்க்குச் சொந்தக்காரர் மாதிரி நடிப்பார். ஒன்றில் சொதப்பினாலும் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது, புதிதாக ஆரம்பிக்கலாம். இந்த ஒரு தகவலைத் தெரிந்துகொண்டதிலேயே மகளுக்குப் பாதி பயம் போய்விட்டது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ள 7,000 ராண்ட் தேவையில்லை, கல்லூரிகளே தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன.

இப்போது தண்டமான பகுதி. வீடியோக்களில் ஒரு பையன் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கண்ணைப் பார்த்துப் பேசு, நிமிர்ந்து உட்கார், புன்னகை செய் என்கிறான். கேள்வி வங்கி பெரிதாகத்தான் இருக்கிறது, நூற்றுக்கணக்கில், ஆனால் முக்கால்வாசி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டது. விவாதத் தலைப்புகள் பழசு. மாட்டுக் காசநோய்க்காக, பேட்ஜர் என்ற வளை தோண்டி வாழும் காட்டு விலங்குகளைக் கொல்லலாமா என்பதற்கு நான்கு பக்கம் இருக்கிறது, அது 2013-ல் தொடங்கிய சமாச்சாரம். எக்ஸெல் புல்லி நாய்களை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பிப்ரவரியில் இருந்து அனுமதிச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள், அங்கே எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் அதைப் பற்றிப் பேசுவார், இவர்கள் வங்கியில் ஒரு வரி இல்லை. மாதிரி பதில்களை மட்டும் தயவுசெய்து பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். "சிறு வயதில் இருந்தே விலங்குகள் மேல் எனக்குத் தீராத அன்பு" என்றுதான் ஒவ்வொன்றும் ஆரம்பிக்கிறது. விண்ணப்பிக்கிற அத்தனை பேருக்கும் அந்த அன்பு இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இது கூடுதல் ஆபத்து. பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்வது போல எதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஏற்ற இறக்கத்தோடு. கேட்ட மாத்திரத்தில் ஒப்பிப்பார்கள், பாதியில் நிறுத்தி "ஏன்?" என்று கேட்டால் விட்ட இடம் மறந்துவிடும். மகளும் வீடியோக்களைப் பார்த்து முடித்த வாரம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள், சாப்பாட்டு மேஜையில் அவள் அப்பா சும்மா ஒரு கேள்வி கேட்டதற்கு "அது மிக முக்கியமான கேள்வி" என்று ஆரம்பித்தாள்.

அதை உடைத்தது மாக்தான்.

எடுத்தவர் யார்க்ஷயர் பக்கம் பண்ணை மாடு, நாய், பூனை எல்லாம் பார்க்கும் டாக்டர், ஐம்பதை ஒட்டிய அம்மா. வேலை முடிந்து வந்து ஃப்ளீஸ் ஜாக்கெட்டோடு கேமரா முன்னால் உட்காருவார். மகள் முதலில் வாய்க்கு வாய் "மேடம்" என்றாள், பெயரைச் சொல்லியே கூப்பிடு என்று அவர் சொன்னார், அது அவளுக்கு வரவே இல்லை, கடைசி வரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தாள். அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள், கவலை வேண்டாம்.

ஒரு ஸ்டேஷனில் கணக்கு. 24 கிலோ நாய், கிலோவுக்கு 5 மில்லிகிராம் மருந்து, பாட்டிலில் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் இருக்கிறது, எவ்வளவு ஊசியில் ஏற்றுவாய்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா. மகள் குனிந்து எழுதினாள், கொஞ்ச நேரம் அமைதி, நிமிர்ந்து "2.4 மில்லி" என்றாள். சரியான விடை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, நீ சரியாகப் போட்டாய், ஆனால் நீ எப்படி யோசிக்கிறாய் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, நான் எதற்கு மார்க் போடுவது என்று கேட்டார். பிறகு சத்தமாகச் செய்யச் சொன்னார்: 24-ஐ 5-ஆல் பெருக்கினால் 120 மில்லிகிராம், அதை 50-ஆல் வகுத்தால் 2.4, அதோடு நிறுத்தாமல், இந்த அளவு நாய்க்கு இது ஏற்கக்கூடிய அளவா, புள்ளி இடம் மாறி 24 மில்லி என்று வந்திருந்தால் எனக்கு உறைத்திருக்குமா என்பதையும் சொல். வகுப்பில் வாயைத் திறக்காமல் கணக்குப் போடுவதை நல்ல பழக்கம் என்று வளர்த்துவிட்டோம், இங்கே அது எதிராகப் போகிறது. இந்த ஒன்றைத் திருத்த அவளுக்கு நிறைய நாள் பிடித்தது.

அடுத்தது, நாய்க்குச் சொந்தக்காரர் வேஷம். என்ன நோய் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றதும் மகள் பிலியரியை எடுத்தாள். இங்கே நாய் வளர்க்கிற வீட்டில் பிலியரி தெரியாதவர் யார்? உண்ணி கடித்து வருவது, பபீசியா என்ற கிருமி ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து உடைக்கும், நாய் சுருண்டு படுத்துவிடும், ஈறு வெளுக்கும், மூத்திரம் சிவந்து போகும், முற்றினால் ரத்தம் ஏற்ற வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் பபீசியா ரோஸி அதிலும் கொடிய வகை. டாக்டருக்கு அது புத்தகத்தில் படித்ததுதான், நேரில் பார்த்ததில்லை. அங்கே 2016-ல் எஸ்ஸெக்ஸில் ஹார்லோ பக்கம் சில நாய்களுக்கு பபீசியா வந்ததே பெரிய செய்தியாம். நீ சொல்வதை நான் ஆர்வமாகக் கேட்கிறேன் பார், உனக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத விஷயம் இது, இதை விட்டுவிட்டு பேட்ஜரைப் பற்றிப் பேசினால் நீயும் மற்ற அத்தனை பேரும் ஒன்றுதான் என்றார். கேள்வி வங்கியை மூடி வைத்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அதே ஸ்டேஷனில் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் செய்தாள். டாக்டர், கையில் காசில்லாத பெரியவராக நடிக்கிறார், நாய் மயங்கிக் கிடக்கிறது. மகள் நோயை அழகாக விளக்கிவிட்டு, "மாதாமாதம் உண்ணி மருந்து போட்டிருந்தால் வந்திருக்காது" என்றாள். டாக்டர் நடிப்பை நிறுத்திவிட்டார். அந்த வாக்கியம் யாருக்காக என்று கேட்டார். நாய்க்கு அது உதவாது, அந்தப் பெரியவருக்கும் இந்த நிமிடம் உதவாது, எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள மட்டும்தான் உதவும். முதலில் அவருக்கு என்ன புரிந்திருக்கிறது என்று கேள், நாய் எத்தனை வருடமாக அவரோடு இருக்கிறது என்று கேள், எவ்வளவு முடியும் என்று கூச்சப்படாமல், கூச்சப்படுத்தாமல் கேள், அதற்குள் என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல், எதுவுமே முடியாது என்றால் வலியில்லாமல் தூங்க வைப்பதும் ஒரு சிகிச்சைதான் என்பதையும் மறைக்காதே. எஸ்பிசிஏ-வுக்கு, அதாவது விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்குக் கொண்டு போங்கள் என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதே. உண்ணி மருந்தைப் பற்றி நாய் பிழைத்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டு இருந்தேன். இதை எந்த வீடியோவும் சொல்லவில்லை.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். என் அப்பா நாமக்கல்லில் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். லீவுக்கு ஊருக்குப் போனால் மகள் அப்புச்சியோடு ஷெட்டிலேயேதான் கிடப்பாள். பார்த்தவர்களுக்குத் தெரியும், நீளமான கொட்டகை, ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டிய கூண்டு வரிசை, கீழே எரு, முன்னால் தீவனத் தொட்டி, சரிவில் உருண்டு வந்து நிற்கும் முட்டை. தடுப்பூசி போடுகிறவர்களுக்குக் கோழியைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள், செத்த கோழியை டாக்டர் அறுத்துக் காட்டும்போது முகம் சுளிக்காமல் பக்கத்தில் நின்றிருக்கிறாள். பேக்கேஜில் அனுபவப் பட்டியலைத் திருத்திக் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. அனுப்பினோம். திருத்தினவர் அந்த வரியை அப்படியே அடித்துவிட்டு, கூண்டுக் கோழி சர்ச்சைக்குரியது, தவிர்க்கவும் என்று எழுதியிருந்தார். எஸ்பிசிஏ-வில் நாய்க் கொட்டடி கழுவியதை மேலே ஏற்றச் சொல்லியிருந்தார்.

பழைய மாதிரி பேட்டரி கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2012-ல் தடை செய்தார்கள், அப்போது இங்கிலாந்தும் உள்ளே இருந்தது. அதனால் அவர் சொன்னதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த மாக்கில் பேச்சுவாக்கில் அந்தப் பண்ணை வெளியே வந்துவிட்டது, யார்க்ஷயர் டாக்டர் விடவே இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். உன் தாத்தா செய்வது சரியா என்று நேராகக் கேட்டார். மகளுக்கு முகம் மாறிவிட்டது. "அவர் கோழிகளை நல்லா வச்சிருக்கார்" என்றாள். நல்லா என்றால் என்ன? தீவனம் நேரத்துக்கு, தண்ணீர் நேரத்துக்கு, வெயிலுக்குக் கூரை மேல் தண்ணீர் தெளிப்பான். சரி, ஒரு கோழிக்கு வேறு என்ன வேண்டும்? மகள் யோசித்தாள். முட்டையிட மறைவான இடம் தேடும், மண்ணைக் கிளறிக் குளிக்கும், ராத்திரி உயரத்தில் ஏறி உட்காரும். கூண்டில்? இதில் எதுவும் முடியாது. அப்படியென்றால் கூண்டால் கோழிக்கு நன்மையே இல்லையா? இருக்கிறது, எச்சத்தை மிதிக்காது, அதனால் குடல் புழுவும் ரத்தக் கழிச்சலும் குறைவு, பெரிய கூட்டமாகத் தரையில் விட்டால் ஒன்றை ஒன்று கொத்திக்கொள்வதும் ஒரு மூலையில் குவிந்து நசுங்கிச் சாவதும் நடக்கிறது. நாளைக்கு நீ டாக்டராக அந்தப் பண்ணைக்குப் போகிறாய், பெரியவர் உன் தாத்தா இல்லை, முன்பின் தெரியாதவர், கடன் வாங்கி ஷெட் போட்டிருக்கிறார், எதை முதலில் மாற்றச் சொல்வாய், எதை மாற்ற முடியாது என்று ஒத்துக்கொள்வாய்?

அரைமணி நேரம் போனது இதிலேயே. விலங்கு நலனை அளக்க அவர்கள் கேட்கும் ஐந்து சுதந்திரங்கள் இருக்கிறதே, பசி தாகம் இல்லாமை, அசௌகரியம் இல்லாமை, வலி நோய் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ளும் வசதி, பயம் இல்லாமை, 1965-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிராம்பெல் குழுவின் அறிக்கையில் வேர் விட்டு 1979-ல் இந்த வடிவத்துக்கு வந்தது, அதை மகள் ஏற்கெனவே வரிசை பிசகாமல் ஒப்பிப்பாள். அன்றைக்குத்தான் அந்த ஐந்தையும் ஒரு நிஜமான ஷெட்டில் வைத்துப் பார்த்தாள், அதில் சிலது அப்புச்சி பண்ணையில் பாஸ், சிலது ஃபெயில் என்று அவளே வாயால் சொன்னாள். கண் கலங்கியது போலத்தான் இருந்தது. ராத்திரி ஊருக்கு போன் போட்டு ஷெட் அளவு, ஒரு கூண்டில் எத்தனை கோழி என்றெல்லாம் கேட்க, என் அப்பா வருமான வரி ரெய்டா என்று பயந்துவிட்டார்.

டாக்டர் முடிவில் சொன்னது, அந்த வரியை முதல் வரியாகப் போடு. ஒரே கம்பெனியில் ஒருவர் அடிக்கிறார், இன்னொருவர் முதலில் போடு என்கிறார். காரணம் எளிது: திருத்தினவர் கால்நடை மருத்துவரே இல்லை, பொதுவாக யூகாஸ் விண்ணப்பங்களைத் திருத்துகிற ஆள், வணிகவியலுக்கும் அவர்தான் திருத்துவார். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் மெயில் போட வேண்டியிருந்தது, வாங்கும் பக்கத்தில் "நிபுணர்கள்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்க விஷயங்கள் இந்தப் பயிற்சியில் அறவே இல்லை, அதை நாமேதான் சேர்க்க வேண்டும். கோமாரி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் இந்த நாடு நோயற்ற பகுதி என்ற அந்தஸ்தை இழந்தது, அதற்குப் பிறகு குவாசுலு நட்டாலில் இருந்து பரவிக்கொண்டே போய் 2025-ல் நாங்கள் இருக்கும் கௌடெங் மாகாணம் வரை வந்துவிட்டது, க்ரூகர் பூங்கா எருமைகளின் உடம்பில் கிருமி நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பிரிட்டனில் 2001-ல் அதே நோய்க்கு அறுபது லட்சத்துக்கும் மேலான கால்நடைகளைக் கொன்றார்கள், அந்தத் தலைமுறை டாக்டர்களுக்கு அது ஆறாத புண், யார்க்ஷயர் டாக்டரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் பேசினார். தடுப்பூசியா, கொன்று அடக்குவதா என்று இங்கே நடக்கும் வாக்குவாதத்தை ஒரு பதினேழு வயதுப் பெண் நிதானமாக விளக்கினால் அவர்கள் கேட்காமல் இருப்பார்களா? 2023 பறவைக்காய்ச்சல், முட்டைக்குக் கடையில் ரேஷன் போட்ட கதை, அதுவும் அப்படித்தான். 2024-ல் கேப் கடற்கரையில் சீல் என்ற கடல்நாய்களுக்கு வெறிநோய் இருப்பதைக் கண்டுபிடித்தது இன்னொன்று. செய்தியைப் படிக்கிற வீட்டுக்கு இதெல்லாம் இலவசம்.

சேவை விஷயத்தில் ஒரு பெரிய சொதப்பல். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள், நாம் வைப்பதில்லை. அதுவரை ஒரு மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு இரண்டு. இவர்கள் புக்கிங் காலண்டர் அதைக் கணக்கில் எடுக்காமல் பழைய நேரத்தையே காட்டியது. மகள் சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்து அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு எழுந்துவிட்டாள், டாக்டர் எட்டு மணிக்கு வந்து ஆள் இல்லை என்று போய்விட்டார். மறுநாள் காலையில் "வரவில்லை, பணம் திரும்பாது" என்று தானியங்கி மெயில். ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதினேன், விதிமுறையைப் படியுங்கள் என்று பதில். மறுபடியும் காட்டமாக எழுதிய பிறகு இன்னொரு நேரம் கொடுத்தார்கள், மன்னிப்பு என்ற சொல் அந்த மெயிலில் இல்லை. புக் செய்யும்போது லண்டன் நேரத்தையும் நம் நேரத்தையும் இரண்டையும் எழுதி மெயிலில் உறுதி வாங்கிவிடுங்கள்.

மின்வெட்டு முன்பு மாதிரி இல்லை என்றாலும் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துக்கொள்வது நல்லது, இன்டர்வியூ அன்று மொபைல் டேட்டாவும் தயாராக இருக்கட்டும்.

உண்மையான இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எழுத மாட்டேன். வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், மகள் எனக்கே சொல்லவில்லை. "போன வருடக் கேள்விகள்" என்று யாராவது விற்றால் அது பொய்யாக இருக்கும், இல்லை என்றால் யாரோ வாக்கு மீறியதாக இருக்கும், இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஒரு கல்லூரியில் இருந்து ஆஃபர் வந்தது, இன்னொன்றில் வரவில்லை. அதற்கும் இந்தப் பயிற்சிக்கும் எவ்வளவு சம்பந்தம் என்று அளக்க வழியில்லை, விளம்பரத்தில் போட மகளின் படத்தைக் கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டோம்.

யாருக்கு வேண்டாம் என்றால், வீட்டிலோ பழக்கத்திலோ ஒரு கால்நடை மருத்துவர் இருந்தால் நிச்சயம் வேண்டாம். பக்கத்து க்ளினிக்கில் வேலை பார்க்கப் போகும் பிள்ளை அங்கே இருக்கும் டாக்டரிடம் ஒரு மணி நேரம் கேட்டாலே கொடுப்பார், அவர் ஒண்டர்ஸ்டபூர்ட்காரராக இருந்தால் இன்னும் நல்லது, தட்டிக் கேட்கத் தயங்க மாட்டார். முன்பின் தெரியாத ஆளாக இருப்பது முக்கியம், அப்பா அம்மா எடுக்கிற மாக் பாதியிலேயே சண்டையில் முடியும்.

வாங்குவதாக இருந்தால், பணம் கட்டும் முன்னால் மெயிலில் கேட்டுவிடுங்கள்: மாக் எடுப்பவர் இப்போது வேலையில் இருக்கும் கால்நடை மருத்துவரா, முதல் வருட மாணவரா? பெரும்பாலான இடங்களில் மாணவர்களைத்தான் வைத்திருக்கிறார்கள், விலை மட்டும் ஒன்றேதான். இரண்டு மாக்குக்கு நடுவில் குறைந்தது பத்து நாளாவது இடைவெளி விடச் சொல்லுங்கள், சொன்னதைச் செய்து பார்க்க நேரம் வேண்டும். நவம்பரில் நல்ல டாக்டர்களின் நேரம் எல்லாம் நிறைந்துவிடுகிறது, அதனால் யூகாஸ் விண்ணப்பத்தை அனுப்பிய கையோடு புக் செய்துவிடுங்கள், அழைப்பு வரட்டும் என்று காத்திருந்தால் மாணவர்கள்தான் கிடைப்பார்கள்.